சுகசுவாச நகருக்கு மாதவரத்தில் ஏறவும்

இம்மானுவேல் வீட்டில் வெள்ளைத் துணி என்று ஒன்று கிடையாது. வாங்கும்போது வெள்ளையாகத்தான் வாங்குவார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கச் சந்தில் கொடியில் ஒரே ஒரு நாள் காயப்போட்டால் போதும், அது சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எந்த சோப்புக்கும் மசியாது. ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு மகள் ஏஞ்சலின் அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனபோது, "சாம்பல் புதன் எப்பவோ முடிஞ்சிருச்சேம்மா" என்று ஃபாதர் சிரித்தார்.

துணி போனால் போகட்டும். ஏஞ்சலினுக்கு மூச்சு போய்க்கொண்டிருந்தது. ஒன்பது வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற மிஷின் ஒன்றை வாங்கி டிவி பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சில வாரம் டிவியை விட மிஷின்தான் அதிக நேரம் ஓடியது.

அரசு ஆஸ்பத்திரியில் பூமிகா என்று ஒரு டாக்டரம்மா. நல்ல மாதிரி. பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து நான் தர்றேன். காத்தை நீங்கதான் மாத்தணும். வேற இடம் பாருங்க" என்றார். சீட்டிலும் கடைசி வரியில் அதையே எழுதினார். அந்தச் சீட்டை மருந்து கொடுக்கிற ஜன்னலில் நீட்டியபோது, உள்ளே இருந்தவர் முதல் மூன்று வரிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நான்காவது வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்து, "இது ஸ்டாக் இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

அதனால் வெளியே தேட வேண்டியதாயிற்று. ஏழெட்டு மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் இம்மானுவேலும் அவன் மனைவி ஷைனியும் மனை பார்க்கப் போனார்கள். பொன்னேரி பக்கம் காற்று நன்றாக இருந்தது. விலையைக் கேட்டதும் இவர்களுக்கும் மூச்சு வாங்கியது. அத்திப்பட்டில் விலை நன்றாக இருந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் ஜன்னல் திறந்து பார்க்கவில்லை. கவரைப்பேட்டையில் ஸ்டேஷனை ஒட்டியே ஒரு மனை கிடைத்தது. ஒரே மனையை மூன்று பேர் விற்றுக்கொண்டிருந்தார்கள், மூன்று பேரிடமும் பத்திரம் இருந்தது.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் பஸ் ஜன்னலில் ஒட்டியிருந்த நோட்டீஸை இம்மானுவேல் பார்த்தான்.

'நுரையீரலுக்கு ஒரு முகவரி! சுகசுவாச நகர். புதுவாயல் மிக மிக அருகில். சென்னையிலிருந்து முப்பத்தைந்தே நிமிடம். உங்கள் குழந்தை மூச்சு விட வேண்டாமா?'

கடைசிக் கேள்வியில் இம்மானுவேல் விழுந்துவிட்டான். போன் போட்டான்.

"வணக்கம், சுகசுவாசம். நான் பார்த்திபன், வாடிக்கையாளர் உறவு மேலாளர்" என்றது ஒரு வழவழத்த குரல்.

"நா கும்முடிபூண்டிலர்ந்து பேசறேன் சார். சைட்ட பாக்கணும்."

"தாராளமா சார். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு மாதவரம் வந்துடுங்க. ஏசி வேன், நாஷ்டா, எல்லாம் கம்பெனி செலவு."

"மாதவரத்துக்கு எதுக்கு சார்? சைட்டு எங்க ஊட்லர்ந்து ஒம்போது கிலோமீட்டரு. வண்டில நேரா வந்துர்றேன்."

"அப்படி வர முடியாது சார்."

"ஏன், ரோடு இல்லியா?"

"ரோடு இருக்கு சார். சுகசுவாச நகர் சென்னைக்குப் பக்கத்துல இருக்கற இடம். சென்னைலர்ந்து வந்தாதான் அது பக்கத்துல இருக்கறது தெரியும். நீங்க கும்மிடிப்பூண்டிலர்ந்து வந்தீங்கன்னா, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துல இருக்கற மாதிரி தெரிஞ்சிடும்."

இம்மானுவேல் யோசித்துப் பார்த்தான். உருக்காலையில் பன்னிரண்டு வருஷமாகக் காண்டிராக்டில் வேலை செய்கிறவன். காரணம் புரியாத உத்தரவுக்குத் தலையாட்டிப் பழகியவன். "சரி சார்" என்றான்.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாய் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கவரைப்பேட்டை தாண்டியதும் ஷைனி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "அதோ, அதான் ஆர்ச்சு. பேரு எய்திகீது பாரு. இங்கயே எறங்கிக்கலாம்பா."

"மாதவரம் வரைக்கும் போயிட்டுத்தான் வரணுமாம்."

"இன்னாத்துக்கு?"

"அப்பதான் பக்கமா இருக்குமாம்."

ஷைனி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் உருக்காலைக் குப்பை மேட்டில் அம்மாவோடு சேர்ந்து இரும்பு பொறுக்கியவள். பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேட்டின் மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். ஒட்டுகிற இரும்பை வழித்து எடைக்குப் போடுவார்கள். எது ஒட்டும் எது ஒட்டாது என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். புருஷன் பேச்சில் எதுவும் ஒட்டவில்லை. இருந்தாலும் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள்.

மாதவரத்தில் வேன் நின்றது. உள்ளே ஏற்கெனவே பதினோரு பேர். முன் சீட்டில் வீரராகவன் என்று ஒரு பெரியவர், பெரம்பூரில் முப்பது வருஷம் ஒண்டுக்குடித்தனம் இருந்து ரிட்டையர் ஆனவர், மடியில் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்திபன் கழுத்தில் டையும் கையில் மைக்கும் வைத்திருந்தான். இன்னொரு கையில் ஓட்டப்பந்தயத்துக்கு வைக்கிற கடிகாரம்.

"நண்பர்களே, முப்பத்தைந்து நிமிடம்னு நாங்க சும்மா சொல்றதில்ல. உங்க கண் முன்னாடியே அளந்து காட்டறோம்" என்று கடிகாரத்தை அமுக்கினான்.

சிக்னலில் வேன் நின்றது. பார்த்திபன் கடிகாரத்தையும் நிறுத்தினான். வேன் கிளம்பியதும் திரும்ப அமுக்கினான். செங்குன்றம் நெரிசலில் நின்றபோது நிறுத்தினான். டோல்கேட்டில் நிறுத்தினான். டிரைவர் டீ குடிக்கப் போனபோதும் நிறுத்தினான்.

"நிக்கற நேரமும் நேரந்தானே சார்?" என்று இம்மானுவேல் கேட்டான்.

"நிக்கற நேரம் எப்படி சார் பயண நேரம் ஆகும்? நின்னா அது பயணமே இல்லையே."

வீரராகவன் தலையை ஆட்டினார். "கரெக்ட்டா சொல்றார்."

புதுவாயல் நெருங்கும்போது, "இடது பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கர்ட்டனை மூடிடுங்க. வெயில் வருது" என்றான் பார்த்திபன். வெயில் வலது பக்கத்து ஆட்களின் முகத்தில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் இருந்த ஏஞ்சலின் துணியை ஒரு ஓரமாக விலக்கிப் பார்த்தாள். குப்பை மலை ஒன்று பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் பன்றிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அப்பா, நாறுதுபா."

பார்த்திபன் சீட்டுக்கடியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து வேன் முழுக்க ரோஜா வாசனை அடித்தான். ரோஜாவும் எரிகிற குப்பையும் கலந்து, யாரோ பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி ஒரு நாற்றம் வந்தது. ஏஞ்சலின் இரும ஆரம்பித்தாள்.

வேன் ஒரு மணி இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. கடிகாரம் முப்பத்து நாலு காட்டியது. "சொன்னதை விட ஒரு நிமிஷம் உங்களுக்கு லாபம்" என்றான் பார்த்திபன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நுழைவாயிலில் சிமெண்டில் ஆளுயரத்துக்கு இரண்டு நுரையீரல் செய்து ரோஸ் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். தூரத்தில் பார்க்கக் கறிக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. அங்கிருந்து பந்தல் வரைக்கும் சிவப்புக் கம்பளம். கம்பளத்தின் இரண்டு பக்கமும் பச்சை பிளாஸ்டிக் புல். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை கறுப்பாய் ஒரு தரை, அதில் வெள்ளைக் கல் நட்டு நம்பர் போட்டிருந்தார்கள். ஒரு மரம் கிடையாது. மரம் வரப்போகிற இடங்களில் மரம் என்று பலகை வைத்திருந்தார்கள்.

"ஒரு வேண்டுகோள்" என்றான் பார்த்திபன். "யாரும் கம்பளத்தை விட்டு இறங்கி மண்ணை மிதிக்க வேணாம். இது எங்க கம்பெனி மரபு. டோக்கன் அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி மிதிச்சா பூமித்தாய்க்கு மரியாதைக் குறைவு."

இம்மானுவேலுக்கு இது புதிது. அவன் அம்மா விக்டோரியா இதே பக்கத்து வயல்களில் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்று ஊரார் நாற்றை நட்டே செத்தவள். பூமித்தாயைப் பற்றி அவளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சீக்கிரம் நடு என்றுதான் சொல்வார்கள்.

பந்தலில் மேடை. கம்பெனியின் தலைமை இயக்குநர் துளசிராமன் பட்டு வேட்டியில் வந்தார். விரலில் எட்டு மோதிரம். போட்டோ எடுக்கிறவன் ஒருத்தன் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தான்.

"என்னைப் பார்த்துக் கேக்கறாங்க," என்று ஆரம்பித்தார் துளசிராமன், "நீங்க ஏன் மனை விக்கறீங்கன்னு. நான் மனை விக்கல. நான் காத்து விக்கறேன். மனையை அதோட சும்மா தர்றேன். காத்துக்குப் பத்திரம் போட இந்த நாட்டுல சட்டம் இல்ல, அந்த ஒரே காரணத்துக்காக மனைக்குப் பத்திரம் போடறேன். இந்தக் காத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி நான் ஏரி வித்துக்கினு இருந்தேன். ஏரியெல்லாம் தீந்துபோச்சு."

கை தட்டல்.

"நீ எங்கய்யா குடியிருக்கேன்னு நீங்க கேக்கலாம். நான் கொடைக்கானல்ல இருக்கேன். ஏன்? இவ்வளவு நல்ல காத்தை என் ஒருத்தன் குடும்பத்துக்கே வெச்சுக்க எனக்கு மனசு வரல."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். வீரராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நாம எல்லாரும் காத்து ருசி பாக்கப் போறோம். எழுந்து நில்லுங்க. கண்ணை மூடுங்க. நான் ஒண்ணுலர்ந்து பத்து வரைக்கும் எண்ணுவேன். அதுவரைக்கும் மூச்சை உள்ளயே இழுத்துக்கினு இருங்க. ஒண்ணு."

பதினாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை விரித்து நின்றார்கள். தூரத்தில் எங்கோ லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. "நாலு" என்று துளசிராமன் சொல்லும்போது ஏஞ்சலினுக்குப் பிடித்துக்கொண்டது. உடம்பு மடிந்து, வாய் ஆவென்று பிளந்து, தரையில் போட்ட மீன் மாதிரி தலையைத் தூக்கினாள். போட்டோக்காரன் ஓடி வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேலாக ஏழெட்டுப் படம் எடுத்தான். ஷைனி பையில் இருந்த இன்ஹேலரை எடுத்து மகள் வாயில் வைத்து அமுக்கினாள்.

மேடையில் துளசிராமன் கையை உயர்த்தினார். "யாரும் பயப்படாதீங்க. பழைய காத்து வெளிய போவுது. வருஷக்கணக்கா சேர்ந்த கெட்ட காத்து. நம்ம காத்து உள்ள நுழைஞ்ச உடனே அது வெளிய தள்ளுது. இருமறவங்க கவலைப்படத் தேவையில்ல. இன்னும் இருமாம இருக்கறவங்கதான் கொஞ்சம் யோசிக்கணும்."

முதலில் பின்வரிசையில் ஒருத்தர் இருமினார். அவர் மனைவியும் இருமினாள். வீரராகவனுக்கு இருமல் வரவில்லை. முயற்சி செய்து பார்த்தார், தொண்டையைச் செருமினார், கடைசியில் நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு வழியாக இருமிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

அன்பளிப்பு கொடுத்தார்கள். ஆளுக்கொரு சின்ன காந்தம், வீடு மாதிரி செய்து சிவப்புக் கூரை போட்டது, ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்க. ஏஞ்சலினுக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. காந்தத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவள், கை தவறிக் கம்பளத்துக்கு வெளியே போட்டுவிட்டாள். எட்டி எடுத்தாள். வீட்டுக்கு அடியில் கறுப்பாய்த் தாடி முளைத்திருந்தது.

"அப்பா, ஊட்டுக்கு மசுரு மொளச்சிகீதுபா."

இம்மானுவேல் வாங்கிப் பார்த்தான். ஷைனி பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இம்மானுவேல் குனிந்து பிளாஸ்டிக் புல்லை விலக்கி ஒரு கட்டியை எடுத்தான். கறுப்பு, கண்ணாடி மாதிரி மினுக்கம், பணியாரம் போல உள்ளெல்லாம் ஓட்டை. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம். உலையில் இரும்பு உருகும்போது மேலே மிதக்கிற கசடு. கம்பெனியில் அதைத்தான் லாரி லாரியாக ஏற்றுவார்கள். ஏற்றின லோடு மேல் ஏறித் தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்குவதுதான் இம்மானுவேலின் வேலை. அந்த லாரி கேட்டைத் தாண்டி எங்கே போகிறது என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கம்பளத்தின் ஓரத்தில் காக்கிச் சட்டையில் நின்ற வாட்ச்மேன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் அருணாச்சலம் என்று பேர் போட்டிருந்தது.

"நீ லோடு மேல நின்னுகினு கயிறு கட்டற ஆளு தான? உங்க கம்பெனி கேட்டாண்ட பாத்துகீறேன்" என்றார் மெல்ல.

"ஆமாண்ணா. இங்கயா கொட்றானுங்க?"

"ரெண்டு வருசமா கொட்றானுங்க. இது பள்ளம்பா. நெல்லு வெளஞ்ச எடம். மழ பேஞ்சா இடுப்பு மட்டும் தண்ணி நிக்கும். அத்தான் நெரவிட்டானுங்க."

"தண்ணி எப்டிகீது?"

அருணாச்சலம் தன் பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "நா ஊட்லர்ந்து எத்துக்கினு வரேன். போர்ல வர்றது காவிக் கலரு. டோக்கன் போடறவனுக்கெல்லாம் வெளிய வாங்குன பாட்டில் தண்ணிதான் குடுப்பானுங்க."

இம்மானுவேல் கட்டியையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னான்.

"சார், இது மண்ணு இல்ல. உலைல வர்ற கசடு. நாந்தான் லோடு ஏத்தறேன். பாருங்க, காந்தம் ஒட்டுது."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்திபன் முகம் வெளுத்தது. துளசிராமன் மட்டும் அசரவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்து, அந்தக் காந்தத்தை வாங்கி, உயர்த்திப் பிடித்தார்.

"இந்தத் தம்பிக்கு ஒரு கை தட்டல் குடுங்க. நான் கடைசியா சொல்லலாம்னு வெச்சிருந்த ரகசியத்தை முன்னாடியே உடைச்சிட்டார். ஆமா, இது இரும்புச்சத்து நிறைஞ்ச பூமி. நம்ம நாட்டுல பாதிப் பொம்பளைங்களுக்கு ரத்தசோகை. ஏன்? மண்ணுல இரும்பு இல்ல. கீரையில இரும்பு இல்ல. இந்த மண்ணுல கீரை போட்டீங்கன்னா மாத்திரையே வேணாம். அதுவும் இது சாதாரண இரும்பு இல்ல, ஆயிரத்தறுநூறு டிகிரியில சுத்தம் பண்ண இரும்பு. ஒரு கிருமி இருக்குமா? அதுவும் தவிர காந்த சக்தி. காந்தப் படுக்கை வாங்க ஜனங்க லட்சம் லட்சமா குடுக்கறாங்க. நான் ஊரையே காந்தத்துல போட்டு வெச்சிருக்கேன்."

வீரராகவன் எழுந்தார். "எனக்கு முட்டி வலி இருக்கு. இதுல குறையுமா?"

"ஒரு கிரவுண்டு வாங்கினா ஒரு முட்டி. ரெண்டு கிரவுண்டு வாங்குங்க சார்."

அதற்குப் பிறகு நடந்ததை இம்மானுவேல் வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். வாயால் சொல்லவே அசிங்கமாக இருந்தது இன்னொரு காரணம். காந்தம் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாம் கம்பளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தரையைத் துழாவினார்கள். எனக்கு இவ்வளவு ஒட்டுது, உனக்கு எவ்வளவு ஒட்டுது என்று காட்டிக்கொண்டார்கள். அதிகம் ஒட்டுகிற மூலை மனைக்கு இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டது. பார்த்திபன் பலகையில் இருந்த விலையை அழித்துவிட்டு, 'காந்த மனை' என்று எழுதிச் சதுர அடிக்கு நூறு ரூபாய் கூட்டினான். டோக்கன் போட்டவர்களுக்குச் சால்வை போட்டு, மணி அடிக்க விட்டார்கள். மணி அடித்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கி, பூமித்தாயை மிதித்தார்கள்.

அத்தனை பேர் துழாவியதில் கறுப்புத் தூசி கிளம்பிப் பந்தலுக்குள் நின்றது. ஏஞ்சலினின் நெஞ்சில் விசில் சத்தம் திரும்ப வந்தது. உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

"சார், பாப்பாக்கு முடியல. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றான் இம்மானுவேல்.

பார்த்திபன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "உடனே எடுத்துடலாம் சார். ஆறு டோக்கன் விழுந்தாதான் வேன் கிளம்பணும்னு ரூல். அஞ்சு விழுந்திருக்கு. உங்களது ஒண்ணு போட்டுட்டா இந்த நிமிஷமே கிளம்பலாம். பாப்பாவுக்காகவாவது யோசிங்க சார்."

ஷைனிதான் பதில் சொன்னாள். சத்தம் போடவில்லை.

"தம்பி, நா குப்ப மேட்ல பொறுக்கனவ. அங்க நாயிங்க கூட புள்ளைங்க கைல கீறத்த புடுங்காது. நீ எம்பொண்ணு மூச்ச வெச்சி டோக்கன் போடறியா? நல்லா இரு."

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பளத்தை விட்டு இறங்கிக் கறுப்புத் தரையில் நடந்தாள். "மேடம், மண்ணை மிதிக்காதீங்க, மேடம்" என்று பார்த்திபன் கம்பளத்தின் மேலேயே கூட ஓடினான். கம்பளம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டான்.

மனைகளுக்குப் பின்பக்கம், அடுத்த பள்ளத்தில் ஒரு லாரி கசடு கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இம்மானுவேலின் கம்பெனி லாரிதான். டிரைவர் அன்புராஜ் தலையை வெளியே நீட்டினான். "இன்னா மச்சான், ஞாயித்துக்கெயம கூட லோடு பின்னாடியே வந்துகினுகீற?"

பிள்ளையைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று பேரையும் உள்ளே ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு மிதித்தான். ஒன்பது கிலோமீட்டர். பதினாலு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். நின்ற நேரத்தையும் சேர்த்து.

டாக்டர் பூமிகா மிஷினை மாட்டிவிட்டுத்தான் கேட்டார். "எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"காத்து மாத்தறதுக்கு" என்றான் இம்மானுவேல்.

மறுநாள் வேலைக்குப் போனான். சம்பளம் அங்கேதான் இருந்தது. சூப்பர்வைசர் சீட்டைப் பார்த்து, "சுகசுவாசம் ரெண்டாவது பேஸு, ஆறு நடை" என்றார். இம்மானுவேல் லோடு மேல் ஏறித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினான். முன்னெல்லாம் கட்டும்போது மனதில் ஒன்றும் ஓடாது. இப்போது ஒவ்வொரு முடிச்சையும் எந்த மனைக்குப் போகிறது என்று எண்ணிக்கொண்டே போட்டான். வீட்டிலும் ஒருத்தரும் மனை பற்றிப் பேசவில்லை. ஏஞ்சலின் மட்டும் அந்தக் காந்தத்தை ஜன்னல் கட்டையில் ஓட்டி எடுத்துக் காட்டினாள். "இங்கயும் மொளைக்குதுபா."

பதினெட்டாம் நாள், கிளீனர் வராததால் அன்புராஜ் லாரியில் அவனையும் ஏற்றி அனுப்பினார்கள். புதுவாயல் கூட்டு ரோடு தாண்டியதும் அன்புராஜ் வண்டியை மெதுவாக்கினான்.

"மச்சான், அது உம்பொண்ணு மாரியே கீது."

நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக ஒரு விளம்பரப் பலகை. அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏஞ்சலின். தலையைத் தூக்கி, கண்ணை இறுக்க மூடி, வாயை ஆவென்று பிளந்திருந்தாள். நீலம் பாய்ந்த உதட்டுக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். ஷைனியின் கையும் இன்ஹேலரும் இருந்த இடத்தில் ஒரு பட்டாம்பூச்சியை வரைந்திருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: 'வாழ்க்கையில் முதல் முழு மூச்சு! சுகசுவாச நகர், காந்த மனைகள்.'

இம்மானுவேல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "வண்டிய அத்தாண்ட ஓரமா போடு" என்றான்.

"இன்னா பண்ணப்போற?"

"எனக்குத் தெரிஞ்ச வேல ஒண்ணு தான்."

லோடு மேல் ஏறினான். தார்ப்பாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பலகையின் இரும்புச் சட்டத்தில் தொற்றினான். பட்டப்பகல் பதினொன்றரை மணி. ரோட்டில் போகிற ஒருத்தரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. காக்கிப் பேண்டும் மஞ்சள் ஹெல்மெட்டும் போட்ட ஆள் உயரத்தில் நின்று கயிறு கட்டினால் அது அரசாங்க வேலையாகத்தான் இருக்கும். டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து, லாரி நிற்க வசதியாக ஆட்டோக்களை ஒதுக்கிவிட்டுப் போனார். மகளின் முகத்தைத் தலையிலிருந்து கழுத்து வரைக்கும் மூடினான். நாலு மூலையிலும் நாலு நாலு முடிச்சு. மழையிலும் காற்றிலும் நூறு கிலோமீட்டர் போனாலும் நெகிழாத முடிச்சு. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கற்ற ஒரே வித்தை.

திறந்து கிடந்த லோடோடு அன்புராஜ் கிளம்பினான். தூசி பின்னாலேயே பறந்தது. தார்ப்பாய் காணாமல் போனதற்கு இம்மானுவேல் கூலியில் பிடித்தார்கள். ஷைனியிடம் சொன்னான். "பிடிக்கட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை போன் வந்தது. அதே வழவழத்த குரல்.

"சார், வணக்கம், சுகசுவாசம். நான் பார்த்திபன். பாப்பா எப்படி இருக்காங்க? ஒரு நல்ல விஷயம் சார். நம்ம ரோட்டோர விளம்பரத்தை யாரோ மூடிட்டாங்க. யாருன்னு தெரியல. எம்.டி. சாருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ரெண்டு நாள்ல முந்நூறு பேர் போன் பண்ணி உள்ள என்னன்னு கேட்டுட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய ஆளுங்களை வெச்சுத் திறப்பு விழா பண்றோம்."

இம்மானுவேல் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"ஒரு சின்ன சிக்கல் சார். அந்த முடிச்சை அவுக்க முடியல. நாலு பேர் ஏறிப் பாத்துட்டாங்க, இழுக்க இழுக்க இறுகுது. அறுக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டார், சகுனம் சரியில்லையாம். நீங்க லாரி லைன்ல இருக்கறவர். அந்த மாதிரி முடிச்சு தெரிஞ்ச ஆள் யாராவது உங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காரு" என்றான் இம்மானுவேல்.

"பலகைக்குப் பக்கத்துலயா இருக்கார்?"

"ஒம்போது கிலோமீட்டரு."

"அப்பாடா" என்றான் பார்த்திபன். "அவரை ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு மாதவரம் வந்துடச் சொல்லுங்க சார். வேன் ரெடியா இருக்கும்."

உள்ளே டிவி பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இம்மானுவேல் போனை வைத்துவிட்டு, அது எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றான்.